'கருந்திரி' மறுபடி கிட்டார் எடுத்த நாள்

சாத்தூர் ரயில் நிலையத்து பெஞ்சில் கொசுக்கடியோடு தூங்கி எழுந்தேன். குழாயில் முகம் கழுவி, பத்து ரூபாய்க்கு ஒரு டீ, இருபது ரூபாய்க்குக் காராச்சேவு. காலைச் சாப்பாடு முடிந்தது. ஏழாயிரம்பண்ணைக்கு பஸ் டிக்கெட் பதினெட்டு ரூபாய். வழியெல்லாம் காய்ந்த கரிசல், வேலிக்கருவை, ஒன்றைவிட்டு ஒன்று எட்டி நிற்கும் பட்டாசு ஷெட்டுகள்.

போனது 'கருந்திரி' பாண்டைக் கேட்க. பட்டாசில் செருகும் திரியின் பெயரையே வைத்துக்கொண்டவர்கள். புரோகிரசிவ் ராக் வாசிக்கிறார்கள். ஒரே பாட்டு கால் மணி நேரம் ஓடும், நடுவில் தாளம் நாலு விதமாக மாறும். ஆரம்பத்தில் எல்லாம் கிட்டார்தான். பிறகு சில வருடங்களாகக் கீபோர்டுதான் பாட்டை இழுத்துப் போனது. ஊர்க் கோயில் பொங்கல் மேடையில் மறுபடி கிட்டார் என்று மாரியப்பன் போனில் சொல்லியிருந்தார். கிட்டார் வாசிப்பவர் அவர். பிழைப்புக்கு, சிவகாசியில் பட்டாசு லேபிள் அச்சடிக்கும் மிஷின் ஓட்டுகிறார்.

மதியம் அவர் வீட்டில் சாப்பாடு. "சேவு தின்னா வயிறு நெறையுமா? உக்காருங்க" என்று இலை போட்டார் அவருடைய அண்ணன் மனைவி, மதினி செல்வி.

கிட்டாரை ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். மாரியப்பன் மதினியைக் கை காட்டினார். "இவுகளக் கேளுங்க."

முன்பு ஒரு பொங்கலில் மாரியப்பன் கிட்டாரில் அடித்த முதல் அடி, ஸ்பீக்கரில் இடியாக விழுந்திருக்கிறது. லீவு அந்த ஊருக்கு மட்டும்தான். சுற்றிலும் பட்டாசுக் கம்பெனிகளில் வேலை நடந்துகொண்டிருந்தது. ஏதோ ஷெட் வெடித்துவிட்டது என்று கூட்டமே எழுந்து ஓடியது. செல்வி, கணவர் வேலை பார்த்த கம்பெனி கேட் வரை செருப்பில்லாமல் ஓடினார்.

"அங்கன போயி, எங்க வீட்டுக்காரரு எங்கன்னு கத்துறேன். அவரு நிதானமா டீ குடிச்சிக்கிட்டு நிக்காரு" என்று சிரித்தார்.

மாரியப்பன் சிரிக்கவில்லை. "இன்னைக்கும் சனம் எந்திரிச்சு ஓடுச்சுன்னா அம்புட்டுதான். இனி கிட்டாரத் தொடமாட்டேன்."

"சொல்லாமக் கொள்ளாம அடிச்சா ஓடத்தான் செய்வாக. வெடி பத்த வைக்கவன்கூட 'ஏலே தள்ளு'ன்னு கத்திட்டுத்தான வைக்கான்?" என்றார் செல்வி.



நான்கு மணிக்கு மேடை ஏறினார்கள். வெயில் இறங்கவில்லை. தகரப் பந்தலுக்குள் நானூறு பேரின் வேர்வை. கீபோர்டு மெல்லத் தொடங்கியது, டிரம்ஸ் சேர்ந்தது, பாட்டு படிப்படியாக ஏறியது. திடீரென்று எல்லாம் நின்றது. மாரியப்பன் வலது கையைத் தலைக்கு மேல் தூக்கினார்.

"ஏலே, தள்ளு!"

கூட்டம் சிரித்துக்கொண்டே திருப்பிக் கத்தியது. "தள்ளு! தள்ளு!"

கை இறங்கியது. அந்தச் சத்தம் என் விலாவில் வந்து மோதியது.

யாரும் ஓடவில்லை. செல்வி மட்டும் எழுந்து, கண்ணுக்கு மேல் கை வைத்து, கம்பெனி இருக்கும் வெம்பக்கோட்டை ரோட்டுப் பக்கம் பார்த்தார். அவர் கணவர் அன்றும் அங்கேதான் வேலையில் இருந்தார். மாரியப்பன் கம்பிகளை உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு மதினியையே பார்த்தார். டிரம்ஸ்காரர் குச்சிகளை மடியில் வைத்துவிட்டார்.

"பொகையக் காணோம். நீங்க அடிங்க, கொளுந்தனாரே!"

அதன் பிறகு அவர் கிட்டாரைக் கீழே வைக்கவே இல்லை. அடுத்த ஆட்டக்காரர்கள் மேடைக்குப் பின்னால் சலங்கை கட்டிக்கொண்டு முணுமுணுத்தார்கள்.

ஆறரை மணி பஸ்ஸில் திரும்பினேன். சாத்தூர் நெருங்கும்போது தூரத்தில் 'டம்' என்றது. என் ஊரில் என்றால் காதைப் பொத்தியிருப்பேன். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் ஜன்னலுக்கு வெளியே புகையைத் தேடினார்கள். நானும் தேடினேன்.

"கோயில் வேட்டுதான், உக்காருங்க" என்றார் கண்டக்டர்.