பொட்டு இல்லாத இடத்தில் வைத்த புள்ளிகள்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஆறாம் வகுப்போடு சரி. பலதும் மறந்துபோனது, பொறுத்துக்கொள்ளுங்கள். புதிதாகப் புள்ளி வைக்க வருகிறவர்களுக்காக எழுதித் தரச் சொன்னார்கள்.

1. நாற்காலி

மலேசியாவில், ஈப்போவில் ஒரு கல்லூரியில் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தேன். அங்கே ஆராய்ச்சி செய்யும் டாக்டர் மாலா ஒருநாள் கூப்பிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார். நம் உடம்பின் செல்லுக்குள் நூல்போல இழைகள் உண்டாம். அதன்மேல் கைனசின் என்ற மோட்டார் சாமான் சுமந்து நடக்குமாம். மைக்ரோஸ்கோப் வீடியோவில் அது ஒரு வெளிச்சப் பொட்டு. ஒவ்வொரு ஃப்ரேமிலும் பொட்டின்மேல் மவுஸால் புள்ளி வைக்க வேண்டும். என் புள்ளிகளோடு ஒத்துப் பார்க்க அவர் கம்ப்யூட்டருக்குள்ளும் ஒரு மோட்டாரை நடக்க விடுவார். அதுதான் மாடல்.

கூட்டுகிறவளுக்கு எதற்கு நாற்காலி என்று எனக்குச் சந்தேகம். கூட வேலை செய்த ராஜம்மா வேறு, "பாத்துக்க லா. நீ எப்படி வைக்கிறேன்னு கம்ப்யூட்டரு கத்துக்கிட்டதும் உன்ன வெளிய தள்ளிடுவாங்க" என்றாள்.

2. ஒரே வீடியோ இரண்டு தடவை

மொத்தம் ........ வீடியோ முடித்தேன். ஒருநாள் பழைய வீடியோவே வேறு பெயரில் வந்தது. என்னை வேவு பார்க்கிறார்கள் என்று தெரிந்துவிட்டது. முன்போலவே வைத்துக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து டாக்டர் வந்தார்.

"ஆன்ட்டி, மாடல்ல மோட்டாரு கொஞ்ச தூரம் நடந்து இழைய விட்டு விழுந்திருது. உங்க மோட்டாரு மட்டும் விழவே மாட்டேங்குதே. பழைய வீடியோவத் திரும்பக் குடுத்துப் பாத்தும் அப்படியேதான் வருது. சாமியா அது?"

காரணம் என் புள்ளிகள்தான் என்று அப்போதுதான் உறைத்தது. சொன்னால் நாற்காலி போய்விடும். சொல்லாவிட்டால் அவருடைய மாடல் கெட்டுவிடும்.

"முன்ன ரப்பர் எஸ்டேட்டுல பால்மரம் சீவுறப்ப, நிரையில ஒரு மரம் விட்டாலும் கங்காணி ஏசுவாரு. அதான் டாக்டர், பொட்டு மறைஞ்ச எடத்துலயும் அடுத்த பொட்டு வரைக்கும் நானே வச்சிட்டேன்."

"எத்தன வீடியோல?"

"எல்லாத்துலயும்."

அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். "அந்த அடுத்த பொட்டு வேற மோட்டாரு ஆன்ட்டி. முதல்ல நடந்தது விழுந்திருச்சி. நான் மூணு வாரமா மாடலத்தான் திட்டிக்கிட்டு இருந்தேன். முதல்லேர்ந்து வைங்க. காணலன்னா வைக்காதீங்க."

3. பிறகு

நாற்காலி போகவில்லை. எல்லாவற்றையும் திரும்ப வைத்தேன். ராஜம்மா பேச்சைக் கேட்டு டாக்டர், கம்ப்யூட்டர் என்று எல்லார் மேலும் சந்தேகப்பட்டேன். என் கைமேல் மட்டும் படவில்லை. நீங்கள் முதலில் உங்கள் கையைப் பாருங்கள்.

மேலே வீடியோ எத்தனை என்ற இடத்தில் புள்ளிக்கோடு விட்டிருக்கிறேன். நினைவில் இல்லை. யாராவது டாக்டரிடம் கேட்டு நிரப்பிவிடுங்கள். கைனசின் என்ற பெயரும் சரியா என்று பாருங்கள். நானாக ஒன்றும் போடவில்லை.