மேல்மலையனூர் வரை ஓர் இரும்பு வளையம்

என் தங்கை வீட்டுக்காரருக்கு ஐம்பது வயதுக்கு மேல் கார்ப் பந்தய ஆசை வந்தது. மற்றவர்களுக்கு அந்த வயதில் சர்க்கரை வரும். திண்டிவனத்தில் சிமெண்ட் கடை நடத்தும் மனிதர், பழைய பின்சக்கர இழுவைக் கார் ஒன்றை வாங்கி, அதன் இன்ஜினைக் கழற்றிப் போட்டுவிட்டு இரண்டு மடங்கு பலமுள்ள இன்னொன்றைப் பொருத்தியிருந்தார். அந்த மாற்றத்தை முறைப்படி விண்ணப்பித்து ஆர்.சி.யில் ஏற்றிய பிறகுதான் நான் அந்தக் காரைத் திரும்பியே பார்த்தேன். வண்டிகளைச் சோதித்துத் தகுதிச் சான்று கொடுப்பது என் உத்தியோகம். ஓய்வு பெற்று விழுப்புரத்தில் உட்கார்ந்த பிறகும் கண்கள் மட்டும் ஓய்வு பெறவில்லை. கல்யாண ஊர்வலத்தில் முதலில் காரின் டயரைப் பார்ப்பேன், பிறகுதான் மணமகனை.

பந்தயம் சென்னைக்குப் பக்கத்தில், ஞாயிற்றுக்கிழமை. கால் மைல், நேர்கோட்டில். நடத்துகிறவர்கள் ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள். இன்ஜின் பக்கத்திலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீண்ட ஷாஃப்டைச் சுற்றி ஓர் இரும்பு வளையம் இருக்க வேண்டும். முன்பக்க ஜாயிண்ட் உடைந்தால் ஷாஃப்டின் முனை தரையில் குத்தும். ஓடுகிற கார் அதை ஊன்றிக்கொண்டு, கோலூன்றித் தாண்டுகிறவனைப் போல எழும்பும். வளையம் இருந்தால் ஷாஃப்ட் அதிலேயே தொங்கி நிற்கும்.

இதை விளக்கமாக என் தங்கையிடம் சொன்னது மாப்பிள்ளையின் முதல் தவறு.

"அண்ணா அடியில பூந்து பாத்து சரின்னு சொல்லட்டும். அமாவாசைக்கு அதே வண்டியில மேல்மலையனூர் போய் அம்மன கும்பிட்டுக்கினு வருவோம். அதுக்கப்புறம் எங்கனா போய் ஓட்டுங்க. ரெண்டுல ஒண்ணு தப்புனாலும் சாவி எங்கிட்டதான் இருக்கும்" என்றாள்.

சாவி ஏற்கெனவே அவள் இடுப்பில்தான் இருந்தது.

திண்டிவனம் புறவழிச்சாலையோரம் ஒரு லாரிப் பட்டறை. அதன் உரிமையாளர் மாப்பிள்ளையின் கூட்டாளி. நான் ஸ்கேலுடன் போய் இறங்கினேன்.

"இன்னா சார், பரீட்சைக்கு வந்தாப்ல ஸ்கேலோட வந்துகீறீங்க?" என்றார் பட்டறைக்காரர்.

"முன் ஜாயிண்டிலிருந்து ஆறு அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். முழு வட்டமாக. போல்ட் காரின் தரைத் தகட்டில் அல்ல, சட்டத்தில் இறங்க வேண்டும்."

"லாரிக்குப் போடறதுதான் சார் இது. லாரிக்குப் பட்டை, இந்தக் கொசுவுக்கு மோதிரம்."

காரைத் தூக்கித் தாங்கிகள் மேல் நிறுத்தினார். பட்டை இரும்பைச் சூடாக்கி இரண்டு பாதி வளையமாக வளைத்தார். சட்டத்தில் துளைகள் விழுந்தன, போல்ட்டுகள் இறங்கின. ஷாஃப்டுக்கு மேலும் கீழும் ஒரு விரல் இடைவெளி, இரண்டு பக்கமும் சமம். கையால் சுற்றிப் பார்த்தோம், எங்கும் தொடவில்லை. கீழே இறக்கி மாப்பிள்ளை தனியாக ஒரு சுற்றுப் போய்வந்தார். சத்தமில்லை. "சரி" என்றேன். என் பணிக்காலத்தில் அந்தச் சொல்லை இவ்வளவு சுலபமாக யாரும் என்னிடம் வாங்கியதில்லை.

அமாவாசையன்று காலை முன் டயர்களுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக் கிளம்பினோம். மாப்பிள்ளை ஓட்ட, பக்கத்தில் தங்கை. பின்னால் பட்டறைக்காரரும் அவர் மனைவியும், நடுவில் நான். பொங்கல் வைக்க வேண்டிக்கொண்டிருந்த அந்த அம்மாள், பித்தளைப் பானையையும் அரிசியையும் வெல்லத்தையும் மடியில் வைத்திருந்தார். டிக்கியில் விறகு.

செஞ்சியை நெருங்கும்போது ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினோம். காலடியில் 'டங்' என்றது. அடுத்த பள்ளத்தில் 'டங் டங்'.

"இன்னாங்க அது?" என்றாள் தங்கை.

"கல்லு தெறிச்சிருக்கும்" என்றார் மாப்பிள்ளை.

"கல்லு நம்ம கூடவே வருதா?"

செஞ்சி பஸ் நிலையத்துக்குச் சற்று முன்னால் ஓரங்கட்டினோம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நானே அடியில் புகுந்தேன். வளையத்தின் மேல்வளைவின் உட்புறத்தில் பெயிண்ட் போய் இரும்பு பளபளத்தது. ஷாஃப்டுக்குச் சேதமில்லை. அந்தப் பளபளப்பைப் பார்த்ததுமே கதை புரிந்துவிட்டது.

லாரிப் பட்டறையில் வண்டியைத் தூக்கி வைத்துத்தான் வேலை பார்ப்பார்கள். லாரியின் வில்பட்டை அவ்வளவு விறைப்பு, தூக்கினாலும் அச்சு பெரிதாகத் தொங்காது. நான் சோதித்த வண்டிகளெல்லாம் தம் சக்கரங்களிலேயே நிற்கும், நான்தான் கீழே குழியில் இறங்கி நிமிர்ந்து பார்ப்பேன். இரண்டு பழக்கமும் சரியானவை. இரண்டையும் வில் மெத்தென்று இருக்கும் ஒரு காருக்குக் கீழே சேர்த்து வைத்ததில், அச்சு தொங்கிக்கொண்டிருந்த நிலையில் இடைவெளியைச் சமமாகப் பிரித்துவிட்டோம். இப்போது ஐந்து பேரும் ஒரு பொங்கல் பானையும் அழுத்த, கார் தாழ்ந்து, ஷாஃப்ட் மேலேறி வளையத்தைத் தட்டியது.

வெளியே வந்து சொன்னேன். "ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை ஒருத்தர்தான் உட்காரப் போகிறார், அப்போது தட்டாது."

"கோயிலுக்கு லாயக்கில்லாத வண்டி ரேசுக்கு லாயக்கா?" என்றாள் தங்கை. "அண்ணா, நீ சரின்னு சொன்ன வண்டிதான இது?"

மாப்பிள்ளை என்னைப் பார்த்த பார்வையில் அவருடைய ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இருந்தது.

"மச்சான், எதுனா சொல்லுங்க. ஆறு மாசமா தூங்கல நானு."

"இப்போதே காட்டுகிறேன். பாரத்தைக் குறைத்தால் சத்தம் நிற்கும். மேல்மலையனூர் வரை ஒருதடவைகூடத் தட்டக் கூடாது. தட்டினால் சாவியை நீயே வைத்துக்கொள்" என்றேன் தங்கையிடம்.

"யாரு எறங்கறது?" என்று கேட்டது பட்டறைக்காரர்.

பானைக்கு வேண்டுதல் இருந்தது. அதைச் சுமப்பவருக்கும் இருந்தது. பட்டறைக்காரர் சத்தத்தைக் கேட்க வேண்டியவர். நான்கு பேரும் என்னையே பார்த்தார்கள். அதிகப் பாரம் ஏற்றிய லாரிகளை இதே சாலையில் நிறுத்தி, "எக்ஸ்ட்ராவை இறக்கிவிட்டுப் போ" என்று சொன்னவன் நான். எக்ஸ்ட்ரா எப்போதும் நடுவில்தான் உட்கார்ந்திருக்கும்.

"விறகையும் எறக்கிடலாமா சார்?" என்றார் பட்டறைக்காரர், ஆறுதலாக.

"விறகு போகட்டும். அதற்குக் கோயிலில் வேலை இருக்கிறது."

வேகவைத்த வேர்க்கடலை, எங்கள் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை, ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு அமாவாசை சிறப்புப் பேருந்தில் ஏறினேன். ஏறினேன் என்பது மரியாதைக்காகச் சொல்வது, கூட்டம் என்னை ஏற்றியது. எத்தனை பேர் நின்றார்கள் என்று எண்ணவில்லை. ஓய்வுபெற்றவனுக்கு எண்ணும் அதிகாரம் கிடையாது. பேருந்து ஒவ்வொரு பள்ளத்திலும் டங் டங் என்றது. அம்மன் பெயரைச் சொல்லிக்கொண்டு எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள்.

கோயில் வாசலில் தங்கை எனக்காகக் காத்திருந்தாள். முகத்தைப் பார்த்தே தெரிந்தது.

"வழிபூரா ரேடியோ கூட போட உடல. காதத் தீட்டிக்கினு வந்தேன். ஒரு சத்தம் இல்ல" என்றாள். பிறகு, யாரும் தடுப்பதற்குள், புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு குனிந்து, பக்கத்தில் நிறுத்தியிருந்த காருக்கு அடியில் கைவிட்டு வளையத்தில் குங்குமத்தை அப்பினாள்.

மறுநாள் பட்டறையில் காரைச் சக்கரங்களிலேயே நிறுத்தி, பின் சீட்டில் சிமெண்ட் மூட்டைகளை ஏற்றி, வளையம் சட்டத்தின் மேல் உட்காரும் இடத்தில் தகடு கொடுத்து, அதை உயர்த்திப் பொருத்தினோம். குங்குமத்தைத் துடைக்க யாருக்கும் துணிவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சோதனை அதிகாரி, என்னைப் போலவே முகம் சுளிக்கத் தெரிந்தவர், டார்ச்சோடு காருக்கு அடியில் போனார்.

"சார், இங்கே ஏதோ சிவப்பா கசியுதே?"

"கசிவு இல்லை, குங்குமம்" என்றேன்.

அவர் விரலால் தொட்டுப் பார்த்தார். வெளியே வந்து அந்த விரலைத் துடைக்காமல் நெற்றியில் வைத்துக்கொண்டு, தகுதி ஸ்டிக்கரை ஒட்டினார்.

மாப்பிள்ளை முதல் ஓட்டத்திலேயே தோற்றார். ஜெயித்தவனைவிட அதிகமாகச் சிரித்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும் தங்கை எத்தனையாவது இடம் என்று கேட்கவில்லை.

"சத்தம் வந்துச்சா?"

"வர்ல."

"அப்ப சரி" என்று சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். "அடுத்த அமாவாசைக்கும் போய்ட்டு வந்துடுவோம். அண்ணா பஸ்ல வரட்டும்."

இப்போது ஐந்து பேர் உட்கார்ந்தாலும் தட்டாது என்று தகடு, இடைவெளி, கணக்கு எல்லாம் சொல்லி விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, போகும்போது பேருந்தில் கொறிக்க மல்லாட்டை வறுத்துத் தருகிறேன் என்றாள்.