சிவப்பு ரிப்பன் வைத்த பாவாடை

நேற்று சந்தை வாசலில் ஒரு சீனக் கிழவர் அக்கார்டியன் வாசித்தார். தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது.

நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருஷம் அது. அப்பாவுக்கு அக்கார்டியன் வாசிக்கும் ஓர் இசைக்குழுவின் மேல் பைத்தியம். அதன் பாடகர் வானொலியில் பாடினால் வீட்டில் யாரும் இருமக்கூடாது. வெள்ளத்தில் வீடிழந்தவர்களுக்காக அந்தக் குழு காஜா பெராங்கில் கச்சேரி வைத்தது. டிக்கெட் கிடையாது, ஆளுக்கொரு புதுத்துணி கொடுக்க வேண்டும். அப்பா ஒரு வேட்டியை எடுத்துக்கொண்டார். வரப்போகும் தீபாவளிக்கு அம்மா தைத்து வைத்திருந்த பச்சைப் பாவாடையை நான் எடுத்துக்கொண்டேன். துணி போதாமல் அம்மா அதன் அடியில் சிவப்பு ரிப்பன் வைத்துத் தைத்திருந்தாள்.

பத்து பெரெண்டாமில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில், அப்பாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு போனேன். சட்டையில் வியர்வையும் பவுடரும் மணத்தன. கச்சேரியில் அப்பா அழுதார்; அவரைப் பார்த்து நானும் அழுதேன்.

மறுவாரம் துக்காங் எமாஸ் தெருக் கோயிலுக்குப் பாடகர் குடும்பத்தோடு வந்திருந்தார். அவர் மகள் என் பாவாடையைக் கட்டியிருந்தாள்.

"அப்பா, என் பாவாடப்பா!"

அப்பா அந்த ரிப்பனை நன்றாகவே பார்த்தார்.

"சும்மா இரு லா. அது வேற பாவாடை" என்று என் கையை நெரித்தார். பிறகு பாடகரிடம் போய்க் கும்பிட்டார். "அண்ணே, அன்னிக்கு நீங்க பாடுனது இன்னும் காதுலயே நிக்குது."

திரும்பும்போது அப்பாவின் இடுப்பைப் பிடிக்காமல் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

கிழவர் வாசித்து முடிக்கும்வரை நின்றேன். அந்தப் பாடகர் மேல் எனக்கு இப்போது கோபமில்லை. அவர் யாரோ ஒருவர்.