கார்ட்டூன் என்றால் சின்னப்பிள்ளைகளுக்கு

லண்டனில் நான் செய்யும் வேலை, நிற்கக்கூடாத இடத்தில் நிற்கும் கார்களுக்குத் தண்டத் துண்டு ஒட்டுவது. கண்ணாடிக்குப் பின்னால் பெர்மிட்டில் எறும்பளவு எழுத்தில் இருக்கும் திகதியைக்கூட நடந்தபடியே வாசித்துவிடுவேன். இந்தப் பெருமையை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். பிறகு சொல்ல இடம் கிடைக்காது.

எங்கள் கத்தோலிக்கப் பங்கில் முதல் நன்மை வாங்கப்போகும் பிள்ளைகளுக்கு ஒரு சனிக்கிழமை பின்னேரம் படம் காட்ட முடிவு செய்தார்கள். யார் படம் கொண்டுவருவது என்று பாதர் கேட்டு முடிக்குமுன் கையைத் தூக்கியவன் நான். கையைத் தூக்குவது எனக்கு ஒரு வியாதி. படத்துக்கு நான் அலையவும் வேண்டியிருக்கவில்லை. பிளேஸ்டோவில் எங்கள் வீட்டில், மகளின் அறையில், ஜப்பான் கார்ட்டூன் டிஸ்க்குகள் ஒரு தட்டு நிறைய இருந்தன.

மகளுக்கு முப்பத்துமூன்று வயது. கலியாணம் முறிந்து ஏழு மாதங்களுக்கு முன் எங்களிடம் திரும்பி வந்திருந்தாள். ஏன் முறிந்தது என்று மனைவிக்குக் கொஞ்சம் தெரியும். எனக்கு ஒன்றும் தெரியாது, ஏனென்றால் நான் கேட்கவில்லை. கேட்டால் அழுவாளோ என்று பயம். அழுதால் என்ன செய்வது என்று அதைவிடப் பயம். அதனால் தினமும் "சாப்பிட்டியோ பிள்ளை?" என்று மட்டும் கேட்டேன். "ஓம் அப்பா" என்று சொல்லிவிட்டு அவள் அறைக்குள் போய்க் கார்ட்டூன் பார்த்தாள். கோயிலில் யாராவது விசாரித்தால் "வேலை கிட்ட, அதுதான் எங்களோட நிக்கிறா" என்று சமாளிப்பேன்.

அவளைக் கேட்காமலே ஒரு டிஸ்க்கை எடுத்தேன். அட்டையில் பல்கனிக் கொடியில் உடுப்புக் காய, கீழே ஒரு பூனை நித்திரை கொண்டது. பூனை இருந்தால் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். என் ஆராய்ச்சி அத்தோடு முடிந்தது.

பங்கு மண்டபத்தில் இருபது பிள்ளைகள். பின்வரிசையில் தாய்மார் ரோல்ஸும் தேத்தண்ணியுமாக இருந்தார்கள். மகளும் ஜூஸ் ஊற்றிக் கொடுக்க வந்திருந்தாள். படம் தொடங்கியது. ஒரு சின்ன அறையில் ஒரு பெண் தனியாக நூடில்ஸ் அவித்தாள். போன் அடித்தது, எடுக்கவில்லை. திரும்ப அடித்தது, அப்போதும் எடுக்கவில்லை. "அங்கிள், பூனை எப்ப கதைக்கும்?" என்று ஒரு சிறுமி கேட்டாள். பொறு பிள்ளை என்றேன். பூனை கதைக்கவில்லை. அந்தப் பெண்ணுக்குப் பழைய நினைவு வந்தது, நினைவில் ஒருவன் வந்தான், வந்தவன் அவளைக் கொஞ்சத் தொடங்கினான்.

பாய்ந்து போய்ப் புரொஜெக்டருக்கு முன்னால் நின்றேன். முத்தம் என் வெள்ளைச் சேட்டில், வயிற்றின் மேல் விழுந்தது. நான் மூச்சு வாங்க வாங்க அதுவும் ஏறி இறங்கியது. பிள்ளைகளுக்குப் படம் பிடித்தது அப்போதுதான்.

ஒரு தாய் டிஸ்க்கின் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். "அண்ணை, இதில பதினைஞ்சு வயசுக்கு மேல எண்டெல்லோ போட்டிருக்கு?" எறும்பளவு இல்லை, சிவப்பு வட்டத்துக்குள் நல்ல பெரிய எண்தான்.

அப்போது நான் சொன்னதை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. "இது என்ர இல்லைத் தங்கச்சி, மகளின்ர. முப்பத்திமூண்டு வயசாகியும் சின்னப்பிள்ளை மாதிரி கார்ட்டூன் பாத்துக்கொண்டிருக்கிறா, என்ன செய்யிறது!" மண்டபம் சிரித்தது. சின்னப்பிள்ளைகள் பார்க்கக்கூடாத படத்தைப் பார்ப்பதால் அவள் சின்னப்பிள்ளை என்ற என் நியாயத்தில் யாரும் பிழை பிடிக்கவில்லை. மகள் ஜூஸ் ஜாடியை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனாள்.

அதன்பிறகு "சாப்பிட்டியோ?" என்பதற்கும் பதில் இல்லை. இரண்டு கிழமை கழித்து மனைவி சொன்னாள்: "மோர்டனில சிநேகிதி வீட்டில ஒரு அறை இருக்காம். மாதக் கடைசியில போறாளாம். நுணலும் தன் வாயால் கெடும் எண்டு சும்மாவோ சொன்னவை?"

இப்படியே போனால் நத்தார்ப் பண்டிகைக்கு வந்து கேக் சாப்பிட்டுவிட்டுப் போகும் விருந்தாளியாகிவிடுவாள் என்று எனக்குப் பயம் பிடித்தது. மன்னிப்புக் கேட்பது எங்கள் பரம்பரையில் பழக்கமில்லை. பரீட்சைக்குப் படிப்பது உண்டு. ஆகவே ஈஸ்ட் ஹாமில் வேலை முடித்த பின்னேரங்களில் நூலகத்தில் இருந்து ஜப்பான் கார்ட்டூனின் சரித்திரத்தைப் படித்தேன், கொப்பியில் நோட்ஸும் எடுத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் குசினியில் வெங்காயம் வெட்டும்போது போய் ஒப்புவித்தேன். நூறு வருசத்துக்கு முந்தித் துண்டுத் துண்டுப் படமாகத் தொடங்கியது, யுத்த காலத்தில் அரசாங்கப் பிரசாரத்துக்குக் கீறியது, அறுபதுகளில் கிழமைக்கு ஒன்றாக டிவிக்கு வந்தது, படங்களைக் குறைத்துக் கீறி நேரத்தைப் பிடித்தது எல்லாம் சொன்னேன். "வகை அஞ்சு. கொடொமோ குஞ்சுகுருமானுக்கு. ஷோனென் பெடியளுக்கு, ஷோஜோ பெட்டையளுக்கு. செய்னென் வளந்த ஆம்பிளையளுக்கு, ஜோசெய் வளந்த பொம்பிளையளுக்கு. இதென்ன பெரிய விசயம், எங்கட ஆக்கள் பொம்பிளையளுக்கு மட்டும் ஏழு பருவம் வகுத்தவை. பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண்."

"அப்ப நான் ஆர்?"

மனதுக்குள் கணக்குப் பார்த்தேன். கணக்கு நல்லதாக வரவில்லை. "பேரிளம்பெண்" என்றேன்.

வெங்காயக் கண்ணீரோடு சிரித்தாள். பிறகு கத்தியை வைத்தாள். "பிழையாப் படிச்சிருக்கிறீங்கள் அப்பா. அது கதைக்குள்ள என்ன இருக்கு எண்ட வகை இல்லை. ஆருக்குச் சொல்லுறம் எண்ட வகை. முதல்ல படக்கதைப் புத்தகத்திலதான் வந்தது. சின்னனில வாசிச்சதுகள் வளந்திட்டுதுகள் எண்டு கண்டு, வளந்ததுகளுக்கு வேற புத்தகம் போட்டவங்கள்."

புத்தகம் போட்ட யாரோ ஒருவனுக்கு விளங்கியது, பெற்ற எனக்கு விளங்கவில்லை. "அண்டைக்கு மண்டபத்தில நான் கதைச்சது பிழை" என்றேன். "அந்தப் படத்தை மிச்சமும் பாப்பமோ?"

இருவரும் சோபாவில் இருந்து பார்த்தோம். முத்தம் வந்தபோது நான் சுவரைப் பார்த்தேன். அது போனதும் அந்தப் பெண் ஒருவழியாகப் போனை எடுத்தாள். சுகமாக இருக்கிறேன் என்று தாய்க்குப் பொய் சொன்னாள். வேலைக்குப் போனாள், வந்தாள், பூனைக்குச் சாப்பாடு வைத்தாள். அவள் ஏன் தனியாக இருக்கிறாள் என்று மட்டும் படம் சொல்லவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"இவ ஏன் புருசனை விட்டிட்டு வந்தவ?"

"கடைசி வரைக்கும் சொல்ல மாட்டினம்" என்றாள் மகள், திரையைப் பார்த்தபடி. "ஆரும் அவவைக் கேக்கேல்லை."

கொஞ்ச நேரம் பூனையைப் பார்த்தேன். பிறகு கேட்டேன். "நீ ஏன் பிள்ளை வந்தனி?"

அவள் படத்தை நிறுத்தினாள். சொல்லி முடிக்க ஒன்றரை மணித்தியாலம் ஆனது. நடுவில் அழுதாள். நான் பயந்தது போலவே என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை, ஒன்றும் செய்யாமல் பக்கத்தில் இருந்தேன். முடிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மோர்டனுக்கு நான் போகத்தான் போறன் அப்பா" என்றாள். "ஆனா கோவிச்சுக்கொண்டு இல்லை."