பாறைமேல் ஏறிய ரேஷன் மெஷின்

அரசாங்கக் கம்ப்யூட்டரைப் பற்றிப் பத்திரிகை நடத்துவது, வராத பஸ்ஸுக்கு டைம்கீப்பர் வேலை பார்ப்பது மாதிரி. 'சர்வர் பிஸி' என்று திரையில் பார்த்தே முடி கொட்டிப்போன இ-சேவை மையக்காரர்களே, ரேஷன் கடை விற்பனையாளர்களே, நம் வேதனை நமக்குத்தான் தெரியும்.

மெல்லிய தொடக்கம்

எட்டாவதோடு நின்றவன் நான். மலையில் புளி வாங்கிக் கண்ணமங்கலத்தில் விற்றவன். வியாபார லைசென்ஸுக்கு ஆன்லைனில் பதியப் போய், ஒவ்வொரு தடவையும் சும்மா திரும்பிய கோபத்தில்தான் இந்த மாதாந்தரப் பத்திரிகையையே ஆரம்பித்தேன். வாணியம்பாடி அச்சகத்தில் பாஷா பாயிடம் தொண்டை கட்டும்வரை பேரம் பேசினேன். முதல் இதழ் வந்தது. முன்பக்கத்தைப் படித்தால் பின்பக்க எழுத்தும் சேர்ந்து தெரிந்தது. கத்தினேன். பாய் அசரவில்லை. "நீங்க சொன்ன ரேட்டுக்கு இந்தப் பேப்பர்தாங்க. ஒரு பக்கம் தொறந்தா ரெண்டு பக்கம் படிக்கலாம், உங்களுக்கு லாபம்தானே?"

பாறைக்கு வந்த பாராட்டு

ஜவ்வாது மலையில் ஒரு ரேஷன் கடை. கடைக்குள் சிக்னல் இல்லை. விற்பனையாளர் குப்புசாமி கைரேகை மெஷினைத் தூக்கிக்கொண்டு பக்கத்துப் பாறைமேல் ஏறுவார். ஊரே பின்னால் ஏறி விரல் வைத்துவிட்டு, இறங்கி வந்து அரிசி வாங்கும். முட்டிவலிக்காரி சின்னபாப்பாவால் ஏற முடியவில்லை. இரண்டு மாத அரிசி போச்சு. 'பாறைமேல் சிக்னல் பிரமாதம், கடையில் பூஜ்யம்! டவர் எங்கே?' என்று பத்திரிகை அட்டையிலேயே திட்டினேன். மேலிடத்தில் முதல் பாதியோடு படிப்பதை நிறுத்திவிட்டார்கள் போல. குப்புசாமிக்குப் பாராட்டுச் சான்றிதழ் வந்தது. அதை என் மூஞ்சிக்கு நேரே நீட்டினார். "இன்னா சார், டவர் வாங்கித் தர்றேன்னு எழுதப் போய், பாறைய நெரந்தரமாக்கிட்டீங்களே!"

பாதி டவர்

நேரே வழங்கல் அலுவலகத்துக்குப் போய் மேஜையைத் தட்டினேன். அதிகாரி கோப்பைத் திறந்து காட்டினார். உள்ளே என் அட்டை. 'சிக்னல் பிரமாதம்' என்ற வரிக்கு அடியில் சிவப்புக் கோடு. டவர் தேவையில்லை என்பதற்கு ஆதாரமே என் பத்திரிகைதான்! கத்தி லாபமில்லை என்று புளி வியாபாரப் பேரத்துக்கு மாறினேன். டவர் கேட்டேன், மறுத்தார். பாதி டவர் கேட்டேன், சிரித்தார். சாப்பாட்டு நேரம் தாண்டியும் நாற்காலியை விட்டு நான் எழவில்லை. கடைசியில் பாறைமேல் ஆன்டெனா, அங்கிருந்து கடைக்கு வயர் என்று பேரம் படிந்தது. "வாங்கிக்கினு கெளம்புயா, இதுக்குமேல கேட்டா நானே அந்தப் பாறைமேல போய்க் குந்திக்குவேன்!"

மோதிர விரல்

வயர் வந்த மாதம், சின்னபாப்பா கடை வாசலிலேயே விரல் வைத்தார். கட்டைவிரலை மெஷின் ஏற்கவில்லை. ஆள்காட்டி விரலையும் ஏற்கவில்லை. மோதிர விரலுக்குத்தான் கீச்சென்று சீட்டு வந்தது. அரிசியைப் பையில் வாங்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். நன்றி சொல்லப்போகிறார் என்று சட்டையைச் சரிசெய்துகொண்டேன். "ஏம்பா, நீ எழுதினா வயரு வருதுல்ல? அடுத்த மாசம் அரிசி கல்லு இல்லாம வர்றாப்புல எழுது."

ஆக, பத்திரிகை ஆரம்பித்த நாள்முதல் இன்றுவரை என் மொத்தச் சாதனை, டவர் கேட்டு வயர் வாங்கியது.