தமிழ்ல சொல்லுங்க, அங்கிள்

ஜெராமிலிருந்து அப்பாவை இருதய அறுவைக்குக் கொண்டுபோன ஆஸ்பத்திரியில்தான் அந்தத் தாதியைப் பார்த்தேன். கொண்டையில் பேனா செருகியிருப்பார், எல்லாரிடமும் மலாய்தான்.

அறுவை அறைக்குக் கட்டிலைத் தள்ளிய மலாய்க்காரரோடு பேசிக்கொண்டே போன அப்பா, அதே வாயோடு எங்களிடமும் "பெர்கி டுலு" என்றார். மலாயில் அது வெறும் விடைபெறல். தமிழில் ‘முன்னால போறேன்’. அம்மாவுக்கு முகம் செத்துப்போனது.

தாதி கட்டிலை நிறுத்தினார். "அங்கிள், ஆன்ட்டிகிட்ட தமிழ்ல சொல்லுங்க."

"போயிட்டு வர்றேன்" என்றார் அப்பா.

வந்தார். வீடு திரும்பும் நாளில் தாதியிடம் அம்மா கும்பிட்டு, "போயிட்டு வர்றோம்மா" என்றார்.

"ஐயோ, இங்க மட்டும் பெர்கி டுலு போதும்லா!"

அவர் பெயரைக் கேட்கத் தோன்றவில்லை. இப்போதும் யாராவது ‘பெர்கி டுலு’ என்றால் என் கை தானாகக் குவியப் பார்க்கிறது.