காளவாசலில் மட்டும் ஓடிய படம்

தல்லாகுளத்தில் என் வக்கீல் நண்பன் துருப்பிடித்த பிலிம் டப்பாவைத் திறந்ததும் எழுந்த புளித்த வாடை, இன்று கல்யாண மண்டபமாகிவிட்ட காளவாசல் சினிமாக் கொட்டகையின் மணல் தரையில் என்னைக் கொண்டுபோய் உட்காரவைத்தது. அந்த டப்பாவில் இருந்த படத்தின் ஒரே பிரிண்டைத்தான் எங்கள் கொட்டகையும் திருப்பரங்குன்றம் கொட்டகையும் பங்குபோட்டு ஓட்டின. அங்கே முடிந்த ரீல் சைக்கிளில் இங்கே வரவேண்டும், அது வரத் தாமதமானால் ஆபரேட்டர் அண்ணன் கைவசமிருந்த வேறொரு படத்தின் துண்டை ஓட்டி விசில் சத்தத்தை அடக்குவார். அதனால் கதாநாயகி அழுதுகொண்டே கதவைச் சாத்தியதும், கடற்கரையில் யாரோ ஒரு கிழவர் குடையோடு நடந்துபோவார். அவர் அவளுடைய அப்பா என்று நினைத்து நாங்கள் பிள்ளைகள் எல்லோரும் அழுவோம்.

அந்தப் படத்தைப் புதுப்படம் ஒன்று காப்பியடித்துவிட்டது என்று தயாரிப்பாளரின் மகன் இப்போது வழக்குப் போட்டிருக்கிறார்; அவருக்கு வக்கீல் என் நண்பன்தான். பழைய பிரிண்ட் எங்குமில்லை. டப்பாவில் இருந்த சுருளும் ஒட்டிக் கட்டியாகிப்போயிருந்தது.

"படத்தப் பாத்தவன் நீதான மாப்ள, சாட்சி சொல்லு" என்று நண்பன் புதுப்படத்தைப் போட்டுக் காட்டினான். கதாநாயகி கதவைச் சாத்தினாள். கடற்கரையில் கிழவர் குடையோடு நடந்தார்.

"இதேதான்டா!"

"கிழவரா? அப்படி ஒரு ஆளே எங்க படத்துல கெடையாதுங்கிறாரே தயாரிப்பாளர் மகன்!"

காப்பிதான், சந்தேகமில்லை. யாருடைய படத்தை என்றுதான் எனக்கு விளங்கவில்லை. அந்த மணலில் என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதவர்களில் எவன் இந்தப் புதுப்படத்தின் டைரக்டர்?